நனைந்தால் கேட்கும் பாறை

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இடம் தெரியாமல் விஷயத்தைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் தப்பாக நம்பிவிடுவார்கள்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சாலையை விட்டு இறங்கிச் சோளக்காட்டு வரப்பு வழியாக நடந்தால், ஓரிடத்தில் தரை சட்டென்று முடிந்துவிடும். அதற்குக் கீழேதான் நாவலோடை. ஓடை என்றால் தண்ணீரைத் தேடாதீர்கள். மழை வெட்டி வெட்டி ஆயிரம் பள்ளமாக்கிய களிமண் காடு அது. மேடெல்லாம் காவி, பள்ளமெல்லாம் சாம்பல். நடுநடுவே வெள்ளை ஜிப்சம் வெயிலில் கண்ணாடிச் சில்லாக மின்னும். குனிந்து பார்த்தால் ஆட்டுக்கிடாவின் கொம்பு போலச் சுருண்ட சங்குகள், பென்சில் மாதிரிக் கற்கள், இன்னமும் விரலைக் கிழிக்கக்கூடிய சுறாப் பற்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலின் அடி. கரையில் டைனோசர்கள் நடமாடிய காலம். அந்தக் கடலில் செத்த உயிர்களின் ஓடுதான் பிறகு சுண்ணாம்புக் கல்லாகி, சிமெண்டாகி, நம் வீட்டுச் சுவராக நிற்கிறது. நாம் எல்லோருமே அந்தக் கடலுக்குள்தான் குடியிருக்கிறோம் என்பார் ஹெப்சிபா மேடம்.

அடுத்து ஆட்கள். டாக்டர் ஹெப்சிபா நாகர்கோவில்காரர், தொல்லுயிர் ஆய்வாளர், நாவலோடை ஆய்வு நிலையத்தின் தலைவர். நான் கலியமூர்த்தி, ஜெயங்கொண்டத்தில் படித்தவன். கருவியை நிறுத்துவது, அளவு எடுப்பது, எங்கே என்ன செய்தோம் என்று ஒழுங்காக எழுதிவைப்பது என் வேலை. மூன்றாவது ஆள் பூங்காவனம். நிலையத்தில் அவருக்கு வேலை கிடையாது. எழுபது வயதுப் பெண்மணி. ஆடு மேய்த்துக்கொண்டு வருவார், மேட்டில் உட்கார்ந்து நாங்கள் செய்வதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார்.

மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. ஓடைக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். சேர்ந்த புதிதில், "சாமி இடமா மேடம்?" என்று கேட்டேன்.

"கடற்கரையில செருப்போடயா நடப்பே?" என்றார்.

நானும் கழற்றினேன். ஜிப்சம் குத்தியது. அன்றிலிருந்து இரண்டு பேரும் நொண்டிக்கொண்டுதான் ஆராய்ச்சி செய்தோம்.

இனிக் கருவி. அதன் முழுப் பெயர் படிவொலிமானி. பூங்காவனம் வைத்த பெயர் காது மெஷின். அவர் கேட்டு மேடம் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், என்னால் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

"கலங்கின தண்ணியக் குடத்துல வெச்சா மண்ணு அடியில படியுமில்லையா? கடல்லயும் அப்படித்தான். ஒரு படலம், அதுக்கு மேல ஒரு படலம். அப்பளம் அடுக்கி வெச்ச மாதிரி."

"சரி."

"படியற நேரத்துல ஏதாவது சத்தம் வந்தா தண்ணி நடுங்கும். அந்த நடுக்கத்தோடயே தூசி படிஞ்சு இறுகிடும். ஒவ்வொரு படலமா ஒளியால சீவி எடுத்தா, நடுக்கத்தைத் திரும்பச் சத்தமாக்கலாம்."

"சீவுன மண்ணு?"

"ஆவியாப் போயிடும்."

பூங்காவனம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "அப்போ தின்னுட்டு ருசி சொல்ற மாதிரி. ருசி மிஞ்சும், பண்டம் மிஞ்சாது."

மேடம் சிரிக்கவில்லை. "அதேதான்" என்றார்.

அந்த ருசிக்காக உலகத்தில் நடந்த அக்கிரமம் கொஞ்சமில்லை. வெளிநாட்டில் ஒரு மலையின் ஒரு பக்கத்தையே ஒரு பணக்காரரின் பிறந்தநாளுக்குச் சீவினார்கள். யாரும் கேட்டிராத அலையோசையை அவர் முதல் ஆளாகக் கேட்க வேண்டுமாம். அதில் கிடந்த எலும்புகள் எத்தனை என்று எண்ணுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஒரு பாறைப் படிவத்தில் உள்ளங்கை அகல இடங்கள் சிலவற்றை மட்டுமே சீவலாம். எந்த இடம் என்பது தலைமை ஆய்வாளர் முடிவு. எங்கள் பேச்சில் அதற்கு 'ஒரு கை' என்று பெயர். நாவலோடைக்குக் கிடைத்த கைகளில் இரண்டு பாக்கி இருந்தபோதுதான் நாங்கள் அந்தப் பிசகைச் செய்தோம்.

கருவியை வைக்குமுன் பாறை முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுவது எங்கள் முறை. தூசி இருந்தால் ஒளி சிதறும். மாரியம்மன் திருவிழா வாரத்தில் ஒரு முகத்தைக் கழுவி, காய்ந்த பிறகு கருவியைப் பொருத்தினோம். முதல் படலத்திலேயே அது வந்தது.

நீளமான ஓலம். அடிவயிற்றிலிருந்து எழும்பி, நடுவில் உடைந்து, மறுபடி எழும்பியது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். இமைக்குக் கீழே ஈரம் தெரிந்தது.

"பெரிய உடம்பு" என்றார் மெதுவாக. "கரையில நின்னு கூப்பிடுது. கலியமூர்த்தி, இதக் கேக்கத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

பூங்காவனத்தையும் கீழே கூப்பிட்டு, ஒலிபெருக்கியை வைத்து, சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டோம். ஓலம் எழும்பியது. அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு மனிதக் குரலும் வந்தது.

'பக்தகோடிகள் அன்னதானக் கூடத்துக்கு வரிசையில் வரவும். மேலத்தெரு ராசேந்திரன் வீட்டார் உடனே மைக் செட் அருகில் வரவும்.'

மேடம் கண்ணைத் திறந்தார். அந்த ஓலம் என்னவென்று மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கோயில் கொம்பு.

பூங்காவனம்தான் முதலில் வாயைத் திறந்தார். "பத்துக் கோடி வருசத்துக்கு முன்னாடியே மேலத்தெருக்காரனுவோ சாப்புட லேட்டாத்தான் வந்திருக்கானுவோ."

மேடம் சிரித்த சிரிப்பில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிவை அழித்துவிட்டு, கருவி பழுது என்று எழுதியிருப்பார்கள். அவர் மறுநாளே உதிர்ந்து கிடந்த ஒரு களிக்கட்டியை எடுத்து நனைத்து வைத்து, அது காயும் வரை அதன் முன்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தார். பிறகு கருவியில் வைத்தோம். ஏழாம் வாய்ப்பாடு பிசிறில்லாமல் வந்தது.

"புரியுதா கலியமூர்த்தி?" அவர் முகம் பளபளத்தது. "இந்தக் களி நனைஞ்சா உப்பும். படலம் நெகிழ்ந்துடும். காயும்போது புதுசா இறுகும், அப்போ கேக்கறது பதிஞ்சுடும். நாம இத செத்துப்போன கல்லுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். இது இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு. கடல் போயி, கரை போயி, அந்த மிருகமெல்லாம் போயி, இது மட்டும் காதை மூடவே இல்ல."

"எவ்வளவு ஆழத்துக்கு மேடம்?"

"நகக் கனம்தான். அடுத்த மழையில அதுவும் அழிஞ்சு புதுசு ஏறும். அதுக்குக் கீழ பழைய கடல் பத்திரமா இருக்கு."

பூங்காவனம் எழுந்து முந்தானையை உதறினார். "மழை படாத எடத்துல?"

"அங்க அழியாது. ஏன்?"

"சும்மாத்தான்" என்று மேடேறிப் போய்விட்டார்.

மறுநாள் ஆடு இல்லாமல் வந்தார். அவரை ஆடு இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பெட்டியில் மடித்த கோடு அழியாத சேலை கட்டியிருந்தார்.

"டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரரு இந்த ஓடையிலதான் போனாரு" என்றார். "இருவது வருசம் ஆவுது, ஒரு ஐப்பசி. ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்தவரு, மழைக்கு மேட்டுக்கு அடியில ஒதுங்கி நின்னிருக்காரு. கர பேந்து மேல வுழுந்துடுச்சு. சாயங்காலம் ஆடு மட்டும் தானா வூட்டுக்கு வந்துச்சு. ஊரே திரண்டு வந்து தோண்டி எடுத்தாங்க. உசுரு ஒடனே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. கூட நின்னு பாத்த மாதிரி."

விழுந்த கரையின் பாளம் இன்னும் அங்கேயே கிடந்தது. நாங்கள் தினமும் சுற்றிக்கொண்டு போகிற இடம்தான்.

"அன்னிக்குக் காலையில அவருகூடப் பேசல. ஒண்ணுமில்லாத சண்ட. கஞ்சிய வெச்சேன், சாப்புடுங்கன்னு சொல்லல. அந்தப் பாளத்துக்கு அடியில மழை போகாது. நீங்களே சொன்னீங்க, மழை படாத எடத்துல அழியாதுன்னு. அவரு கூப்புட்டாரான்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

மேடத்தால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. நான் காரணம் சொல்லியாக வேண்டும். கொம்பு கேட்ட முகத்தோடு ஒரு கை செலவாகிவிட்டது. இருந்தது கடைசி ஒரு கை. அதை மேடம் எலும்புத் திட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். ஓடையின் கீழ்க்கோடியில் ஒரு பெரிய ஊர்வன விலங்கின் விலா எலும்புகள் வரிசையாக வெளியே தெரியும். அலை எட்டும் சேற்றில் மாட்டிச் செத்த மிருகம். அது சாகும்போது எழுப்பிய குரல் அந்தச் சேற்றில் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் கணக்கு. அந்த மாத முடிவில் அவருக்கு ஓய்வு. அவர் காதால் அதைக் கேட்க அந்த ஒரு கைதான் இருந்தது.

இதையெல்லாம் மறைக்காமல் பூங்காவனத்திடம் சொன்னார். "நான் வெச்சிருக்கிறது ஒண்ணே ஒண்ணும்மா. அந்த மிருகம் கடைசியா என்ன சத்தம் போட்டுச்சுன்னு கேக்கணும்னு முப்பது வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு உங்களுக்கு என்ன சொந்தம்?"

"ஒண்ணுமில்ல. ஆனா அதக் கேக்க வேற யாருமில்ல."

"அப்போ உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றார் பூங்காவனம்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பாட்டி, ஒருவேளை அவர் ரொம்ப நேரம் கூப்பிட்டிருந்தா? கேட்டுட்டா அப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியாது."

"பாட்டியா? உங்கம்மா வயசுதான் தம்பி எனக்கு" என்று முதலில் அதைத் தீர்த்தார். பிறகு சொன்னார்: "கூப்புட்டிருந்தா, கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வாணாமா?"

மேடம் ஓடைப் பக்கம் திரும்பி நின்றார். விலா எலும்புகள் இருக்கும் திசையையே பார்த்தார். பிறகு என்னிடம், "ஜாக்கியை எடுத்துட்டு வா. பாளத்தைத் தூக்கணும்" என்றார்.

"மேடம், எலும்புத் திட்டு?"

"பத்துக் கோடி வருஷம் பொறுத்தது இன்னும் கொஞ்சம் பொறுக்கும். எனக்கப்புறம் எவளாவது புது அனுமதி வாங்கிட்டு வருவா. இந்தம்மாவுக்கு எனக்கப்புறம் யாரு வருவா?"

சீவுவதற்கு முன் பதிவு வேண்டும். யாருடைய குரலைத் தேடுகிறோம் என்ற கேள்வி வந்ததும் நான் நிமிர்ந்து, "அம்மா, வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றேன்.

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதெப்படிச் சொல்றது?"

"பதிவுக்கு வேணும்."

"அம்பது வருசமாச் சொல்லாத பேர உம்ம பதிவுக்குச் சொல்லணுமா? ஆத்தங்கரையில நிக்குமே பெரிய மரம், வெள்ளப் பட்ட. அது முன்பாதி."

"அரசா?"

"வெள்ளப் பட்டங்கறேன்."

"மருது" என்றார் மேடம்.

"ஆங். பின்பாதி, இந்த ஓடையில எத்தினி சிப்பி கெடக்குது, ஒண்ணுத்துலயாவது அது இருக்குதா?"

நான் எழுதினேன்: மருதமுத்து. எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவருதான்" என்றார்.

பாளத்தைத் தூக்கினோம். அடியில் களிமண் வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல் இருந்தது. விழுந்த வேகத்தில் ஈரக்களியை அழுத்தி இறுக்கிவிட்டு, பாளம் அதை மூடி போலக் காத்திருந்தது. அந்தக் கடல்மண் தன் அடுக்குகளோடு கூடவே இந்த ஒரு நாளையும் அத்தனை ஐப்பசிகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை நினைத்தபோது, எனக்கே அதைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. மேடம் உள்ளங்கையை ஒருமுறை அதன் மேல் வைத்து எடுத்தார். கருவியைப் பொருத்தினேன். பூங்காவனம் ஒலிபெருக்கிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

முதலில் மழை. கொட்டுகிற மழை. அதற்குள் ஆட்டுமணி. ஒரு குட்டி கத்தியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பூங்காவனத்தின் கை தரையைப் பற்றியது.

பிறகு ஆண் குரல், மிக அருகில், சாவகாசமாக.

'ஏ பூங்காவனம்! எத்தினி தடவ சொல்றது ஒனக்கு? சொன்னாக் கேக்கற சாதியா நீ? வா, உள்ள வா. இப்புடி வந்து நில்லு. நனையாத.'

மணி நெருங்கி வந்தது. அந்தக் குரல் தனக்குள் சிரித்தது. 'கோவத்தப் பாரு கோவத்த' என்றது. அவ்வளவுதான். ஒரு கனத்த ஓசை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. படலம் அங்கே முடிந்தது. கருவி தானாக நின்றது.

நான் நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன். பாதி புதைந்து கிடந்த மருதமுத்து நினைவு தப்பி மனைவியோடு பேசியிருக்கிறார் என்று நினைத்தேன். மேடமும் அப்படித்தான் நினைத்தார் என்று முகத்தில் தெரிந்தது.

பூங்காவனம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"ஆடு" என்றார். "கறுத்த வெள்ளாடு ஒண்ணு வெச்சிருந்தாரு. பொல்லாத ஆடு. எங்கிட்ட அதுக்குக் கருப்பின்னு பேரு சொன்னாரு. ஒரு நா ஒரு பொழுது எம்பேரச் சொல்லி என்னக் கூப்புட்டதில்ல அந்த மனுசன். 'இந்தா', 'ஏய்', அவ்வளவுதான். இங்க வந்து என்னா வேல பண்ணியிருக்காரு பாருங்க."

மூக்கைச் சிந்தினார். "ஒடனேதான் போயிருக்காரு. பேசிக்கிட்டே."

"பேசிக்கிட்டே" என்றார் மேடம்.

"பதிவை உங்க போன்ல ஏத்தித் தரவா?" என்று கேட்டேன்.

"வாணாம் தம்பி. ஒரு தடவ சொன்ன மனுசன திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது. கேட்டாச்சு." எழுந்து, சீவப்பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் புதுக் களிமண், குழந்தையின் நாக்கு போல. "இது இப்ப காலியாத்தானே கெடக்குது?"

"மேல மட்டும். கீழ கடல் இருக்கு" என்றார் மேடம். "மழைக்கு முன்னாடி மூடிடுவோம்."

"மூடுங்க, மூடுங்க" என்றார் பூங்காவனம்.

மாத முடிவில் மேடம் ஓய்வு பெற்றார். கடைசி நாள் எலும்புத் திட்டுக்குப் போய், விலா எலும்புகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காதை மண்ணில் வைத்துப் படுத்திருந்தார். "ஏதாவது கேட்டுச்சா மேடம்?" என்றேன். "என் நெஞ்சு அடிக்கறது கேட்டுது" என்றார். செருப்பை மேட்டிலேயே மறந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஐப்பசி பிறந்து முதல் மழை இறங்கிய பகலில், சீவிய குழியை மூடத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். நேற்றே செய்திருக்க வேண்டியது, சோம்பல். ஓடை முழுவதும் செங்குழம்பாக ஓடியது. வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டேன்.

பாளத்துக்குப் பக்கத்தில், தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணியோடு பூங்காவனம் நின்றிருந்தார். மேட்டின் மேல் ஒரு கிடா, நனைந்துகொண்டு, அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ மருதமுத்து!" என்று கூப்பிட்டார் பூங்காவனம்.

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து தெருக்கூத்துக் கட்டியம் போல முழுசாக வந்தது. இன்னொரு முறையும் சொன்னார், ருசி பார்ப்பதுபோல. "மருதமுத்து! கஞ்சி வெச்சிருக்கேன், வந்து சாப்புடு. ஆறிப்போவுது."

கிடா கனைத்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். வெட்கப்பட்ட மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னருகில் வந்து, தணிந்த குரலில், "கெடாவுக்குப் பேரு வெச்சிருக்கேன் தம்பி" என்றார்.

"நல்ல பேரும்மா" என்று சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று மூடிக்கொண்டேன். பாளத்தடியில், சீவிய இடத்தில், மண் நெகிழ்ந்து, கேட்டுக்கொண்டு கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து மேடம். குழியை மூடியாயிற்றா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்.

நான் போனை எடுக்கவில்லை. தார்ப்பாயைச் சத்தமில்லாமல் கக்கத்தில் மடக்கிக்கொண்டு, மழை விட்டு அந்த மண் இறுகும் வரை, மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டுக்கொண்டு நின்றேன்.